கழற்றிய கம்பி

கம்பியை இணைக்கும் கப்ளரைக் கழற்றிய பிறகும் மீட்டரின் முள் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் முதலில் சந்தேகப்பட்டது தன் கையைத்தான். மீட்டரின் கிளிப்பை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி கம்பியின் நுனியில் மாட்டினான். இரண்டு முனையும் கழற்றிவிட்ட கம்பி அது. இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியிலும் இல்லை, இன்ஜினிலும் இல்லை, சும்மா தொங்கியது. அதில் ஒன்றும் வரக்கூடாது. ஆனால் முள் நிதானமாக ஏறியது, மூன்று வோல்ட்டைத் தொட்டு ஒரு கணம் நின்றது, அதே நிதானத்தோடு இறங்கியது. பிறகு மறுபடியும் ஏறியது.

"என்ன விளையாட்டுடா இது?" என்று மீட்டரைப் பார்த்துக் கேட்டான். அவனையே எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் பேச்சை நம்பமாட்டான், முள் சொன்னால் மட்டும் நம்புவான் என்று கேலியாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. இருபது வருஷ எலக்ட்ரீஷியன் வேலையில் முள் அவனிடம் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. சொன்ன பொய்யெல்லாம் அவனுடையதுதான்.

மில்லுக்கு அன்று விடுமுறை. பின்பக்கத்து ஜெனரேட்டர் அறையில் மத்தியான வெயில் கம்பிவலை வழியாகச் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. சூடான டீசல் வாசனை, புதுச் சுண்ணாம்பு வாசனை, இரண்டுக்கும் அடியில் எவ்வளவு வெள்ளையடித்தாலும் போகாத பழைய புகை வாசனை. நடுவில் ஆளுயர இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக ஓடவில்லை, இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு ஓடியது.

"மீட்டரு, ஜெனரேட்டர் மூச்சு வாங்குதுப்பா. நாளைக்குக் காலைல ஷிஃப்டுக்கு முன்னாடி பார்த்துக் கொடுத்துடு" என்று மானேஜர் போனில் சொன்னபோது, மூச்சு என்ற அந்தச் சொல் அவனுக்குப் பிடிக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே அறையில், இதே இன்ஜினுக்குப் பக்கத்தில், புகையில் மூச்சு முட்டிச் செத்தவர் அவன் தங்கையின் புருஷன். இங்கே ஆபரேட்டராக இருந்தவர்.

தங்கை இப்போது இதே மில்லில் கூட்டிப் பெருக்குகிறாள். அறையைத் திறந்துவிட்டவளும் அவள்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்ததால் அவன் இன்ஜினைக் காட்டினான். காற்றுக் குழாயின் தொண்டையில் ஒரு வட்டத் தகடு உண்டு. இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவு திறக்கும், மூடும். திறக்கச் சொல்வதும் மூடச் சொல்வதும் கம்ப்யூட்டர் பெட்டி.

"சாவிய ஆஃப் பண்ணினா இது டக்குனு மூடிக்கும். அப்புறம் தானா திறக்காது. இந்த லீவரைக் கையால தூக்கினாத்தான் திறக்கும், பாரு" என்று தூக்கிக் காட்டினான். "நான் உள்ள இருக்கும்போது ஏதாவது தப்பாத் தெரிஞ்சா நீ யோசிக்காத. சாவிய ஆஃப் பண்ணிடு. காத்து நின்னா எப்பேர்ப்பட்ட இன்ஜினும் அடங்கிடும்."

"அன்னைக்கு இவருக்கு அது தெரியலையாண்ணா?"

"தெரியும். பதட்டத்துல செஞ்சிருக்க மாட்டாரு."

"எப்பவும் அப்படித்தான். அவசரக்குடுக்கை" என்று செத்தவரைத் திட்டிவிட்டு அவள் போனாள். அவன் இன்ஜினை ஓடவிட்டு வேலையை ஆரம்பித்தான். அப்புறம்தான் இந்த முள்.

கோளாறு பார்ப்பதற்கு அவனிடம் ஒரே ஒரு முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; என்ன மாறுகிறது என்று பார். எர்த் இணைப்பைச் சுரண்டிப் பார்த்தான். கப்ளருக்குள் தண்ணீர் இல்லை, பச்சைக் களிம்பு இல்லை. கம்பிக் கட்டை ஆட்டிப் பார்த்தான். ஓடும் ஜெனரேட்டர் பக்கத்துக் கம்பியில் கொஞ்சம் கரண்டைக் கிளப்பிவிடுவதுண்டு. ஆனால் அது முள்ளை நடுங்க வைக்கும், இப்படித் தாலாட்டாது. டார்ச்சை அடித்துத் தகட்டைப் பார்த்தான். இன்ஜின் ஓடும்போது கப்ளரைக் கழற்றினால் அது ஸ்பிரிங்கில் திறந்தபடி நிற்க வேண்டும். நிற்கவில்லை. முள் ஏறும்போது திறந்தது, முள் இறங்கும்போது மூடியது.

நிமிஷத்துக்கு எத்தனை தரம் என்று எண்ண வாட்சைப் பார்த்தான். எண்ணிக்கொண்டே இருந்தவன் பதினாறில் நிறுத்தினான். தகட்டைத்தான் எண்ணுகிறோமா, தன் நெஞ்சையா என்ற குழப்பம் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின.

மூச்சைப் பிடித்தான்.

முள் நின்றது. இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

மூச்சை விட்டான். முள் இறங்கியது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. விரலைக் குழாய்க்குள் விட்டுத் தகட்டைப் பாதி மூடினான். நெஞ்சிலிருந்து காற்று தானாக வெளியேறியது, யாரோ முழங்காலை வைத்து அழுத்தியதைப் போல. விரலை எடுத்தான். காற்று திரும்பி உள்ளே வந்தது. கோளாறு எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, உடம்பு முழுக்க வேர்த்தது.

எழுந்து ஓடலாம் என்று வாசல் பக்கம் நான்கு அடி வைத்தான். பின்னால் தகடு மூட ஆரம்பித்தது. ஐந்தாவது அடிக்கு மூச்சு இல்லை. தவழ்ந்து திரும்பி வந்தான். தகடு திறந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னாலும் தகடுதான் தகராறு. எங்கேயோ கம்பிக் கோளாறு, நினைத்த நேரத்தில் மூடிக்கொண்டு இன்ஜினை நிறுத்தியது. ஒரு மணி நேரம் தேடியும் அவனுக்குப் பிடிபடவில்லை. மீட்டருக்குப் பிடிபடவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. கட்டுக்கம்பியால் தகட்டைத் திறந்தபடி இழுத்துக் கட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தான். நாளைக்கு வந்து ஒழுங்காகப் பார்க்கலாம். அந்த நாளை வரவில்லை. ஒன்பதாம் நாள் இன்ஜின் தன் எண்ணெயைத் தானே உறிஞ்சி எரித்துத் தறிகெட்டு ஓடியது. மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், சாவிய ஆஃப் பண்ணிட்டேன், நிக்க மாட்டேங்குது! ஒரே புகை!"

வெளியே ஓடி வாங்க மாப்ளே. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் இன்ஜின் சிதறினால் வந்து பார்ப்பார்கள். கட்டுக்கம்பியைப் பார்ப்பார்கள்.

"தகட்டுல ஒரு கட்டுக்கம்பி இருக்கும். உள்ள போய் அதை வெட்டிவிடுங்க" என்றான் அவன்.

மாப்பிள்ளை வெட்டினார். இன்ஜின் நின்றது. அவர் வெளியே வரவில்லை. விசாரணையில் கம்பியை யார் கட்டியது என்று கேட்டார்கள். "தெரியல சார். சில ஆபரேட்டருங்க இப்படிப் பண்றதுண்டு" என்று சொன்னான். தங்கை அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

இப்போது தகடு பாதிக்கு மேல் திறக்கவில்லை. மூச்சும் பாதிதான் வந்தது. அடுத்த தரம் கால்வாசி. இன்ஜின் திணறியது. அவனும்.

மூடக் கூடாது. மூடாமல் இருந்தால் போதும்.

பாக்கெட்டில் கட்டுக்கம்பி இருந்தது. எப்போதும் இருக்கும். தகட்டின் லீவரை முழுக்கத் தூக்கி, பழைய இடத்திலேயே சுற்றி, இறுக்கி முறுக்கினான்.

காற்று உள்ளே வந்தது. குளிர்ந்த, நல்ல காற்று. நெஞ்சு நிறைந்தது.

இன்னும் வந்தது.

வெளியே விடப் பார்த்தான். முடியவில்லை. இன்னும் உள்ளே. விலா எலும்புகள் விரிந்தன. தொண்டை திறந்தே நின்றது. கட்டிங் பிளேயர் வாசலருகே டூல் பெட்டியில். விரலால் முறுக்கைப் பிரித்தான். நகம் பிய்ந்தது. முறுக்கு பிரியவில்லை. நன்றாகக் கட்டியிருந்தான்.

விழுந்தான்.

"அண்ணா!"

துடைப்பம் விழுந்த சத்தம். தங்கை வாசலைத் தாண்டி உள்ளே ஓடி வந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது. ஆனால் டக்கென்ற சத்தம் வரவில்லை. தகடு மூடவில்லை.

"என்னண்ணா ஆச்சு? பேசுண்ணா! நீ சொன்ன மாதிரி மூடலையே!"

அவன் வாய் பிளந்திருந்தது. ஒரு சொட்டுக் காற்றும் வெளியே வராமல் எப்படிப் பேசுவது? கண்ணால் கெஞ்சினான். அவள் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு தகட்டிடம் போனாள். குனிந்தாள். அப்படியே நின்றாள்.

"இடது பக்கமா அஞ்சு முறுக்கு" என்றாள். "நுனியை உள்ளே மடக்கி, கையில குத்தாம."

அவள் வீட்டுத் துணிக்கொடி அவன் கட்டியது. தகர வாளியின் கைப்பிடி அவன் கட்டியது.

"அவரு கைய விரிச்சு எடுத்த கம்பிய வாட்ச்சோட சேர்த்து எங்கிட்டதான் கொடுத்தாங்க. உனக்குத் தெரியாதுல்ல? இதே அஞ்சு முறுக்கு. அவருக்குச் செருப்பு வார்கூடக் கட்டத் தெரியாது. எட்டு மாசமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அவள் கம்பியை வெட்டினாள்.

டக்.

அவனுக்குள் இருந்த காற்று எல்லாம் ஒரே தள்ளலில் வெளியே போனது. திரும்பி வரவில்லை. அவள் கை லீவரின் மேல் இருந்தது. தூக்கினால் திறக்கும். அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது.

பிறகு கையை எடுத்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு வந்து சரி பண்ணிக்கலாம்ணா" என்றாள்.

மடியிலிருந்து பார்த்தால் மீட்டர் தெரிந்தது. இன்ஜின் நின்றிருந்தது, தகடு மூடியிருந்தது, அவன் நெஞ்சு அசையவில்லை. கழற்றிய கம்பியில் முள் மட்டும், வேறு யாரோ மூச்சு விடுவதைப் போல, நிதானமாக ஏறி, ஒரு கணம் நின்று, நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. தங்கையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.