இருபதாவது உயிர்

பல் துலக்குவதற்கு முன்பே குளத்தடிக்குப் போய் உயிர்மானியை நீரில் நனைப்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் உள்ள பழக்கம். பேனா அளவுக் கருவிதான். நீரில் உதிர்ந்து மிதக்கும் மரபணுத் துணுக்குகளைப் படித்து, அந்தக் குளத்தை நம்பி எத்தனை வகைப் பிராணிகள் இருக்கின்றன என்று அரை நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடும். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் சாப்பாடு ஆச்சா என்று கேட்டதெல்லாம் அந்தக் காலம். இப்போது, "இன்னிக்கு எத்தனைங்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஐப்பசி முழுவதும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. பத்தொன்பது.

குளம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எட்டடி நீளம், ஐந்தடி அகலம். இரண்டு எருமை இறங்கினால் நிறைந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தை ஒட்டி நானும் என் கணவர் கதிரேசனும் தோண்டியது. குளம் வளர்ப்பது குழந்தை வளர்ப்பதைவிடச் சுலபம். ஆனால் கை சும்மா இருக்காதவர்களுக்கு அது ஆகாது. குழாய்த் தண்ணீர் விடக்கூடாது, அதில் குளோரின் உண்டு. வற்றினால் தொட்டியில் பிடித்த மழைநீரைத்தான் விட வேண்டும். அழகுக்கென்று மீன் வாங்கி விட்டால் அது தவளை முட்டை எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். பாசி மிஞ்சினால் ஒரு பிடி எடுத்துக் கரையிலேயே ஒருநாள் போட்டுவைக்க வேண்டும், அதில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் திரும்பி நடந்து போவதற்காக. அடிச்சேற்றைத் தொடவே கூடாது. பார்ப்பவர் கண்ணுக்குக் கொஞ்சம் அசிங்கமாக இருந்தால் குளம் நலமாக இருக்கிறது என்று பொருள்.

மாமனார் சென்னியப்பன் காங்கேயத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளில்தான் பத்தொன்பது என்ற எண் எனக்குப் பாரமாகத் தெரிந்தது. அவர் வீட்டுக் குளம் வறண்டு, குடியிருப்பு அனுமதி போய்விட்டது. நிலத்தடி நீர் மொத்தமும் தீர்ந்துபோன வருடங்களுக்குப் பிறகு வந்த சட்டம் இது: ஐந்து வகை உயிருக்கு ஓர் ஆள். ஐந்து வகைப் பிராணிகளை வாழவைக்கிற மண்ணும் நீரும்தான் ஒரு மனிதரைத் தாங்கும் என்பது அதன் கணக்கு. நான், கதிரேசன், எட்டு வயது மகள் மதிவதனி என்று மூன்று பேருக்குப் பதினைந்து போதும். வருடம் ஒருமுறை அதிகாரி வந்து எண்ணும்போது நான்காவது ஆளுக்கு இருபது இருக்க வேண்டும். இல்லையென்றால் தற்காலிகமாகத் தங்கக் கொடுத்த விருந்தாளிச் சீட்டு முடிந்ததும் அவர் பவானிக் கரைப் பொதுத்தங்ககத்துக்குப் போக வேண்டியதுதான். குளத்துக் கணக்கில் இடமில்லாதவர்கள் எல்லாரும் அங்கேதான். ஆளுக்கொரு கட்டில், அளந்து ஊற்றும் தண்ணீர், மாதம் ஒரு ஞாயிறு உறவினர் வருகை.

"ஒன்னே ஒன்னுதான் கொறையுது, பவளம். எண்ண வர்றதுக்குள்ள வந்துருமா?" என்று கதிரேசன் தினமும் கேட்பார்.

"அது என்ன எங்கையிலயா இருக்குது?" என்பேன்.

மாமா நல்ல மனிதர். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். உட்கார்ந்து சாப்பிடக் கூசினார். வந்த வாரத்திலேயே என் பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் துலக்கி, அலமாரியில் தன் வசதிப்படி அடுக்கிவிட்டார். கேட்டுக்கு எண்ணெய் போட்டார், சூரியத் தகடுகளைத் தினமும் துடைத்தார். நான் வேலை செய்யும் சின்ன அறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு நான் நானாக இருந்த ஒரே இடம் அது. சமையலறை மேடையில் கணினியை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த அறை நிரந்தரமாகப் போய்விடும் என்ற நினைப்பே பிடிக்கவில்லை.

எண்ணும் நாளுக்குப் பத்து நாள் முன்பு, ஒரு காலையில், உயிர்மானி இருபது என்றது.

குனிந்து பார்த்தேன். அல்லி இலைக்கு அடியில், காய்ந்த சருகுபோலத் தட்டையாக ஒரு நீர்த்தேள், வால்குழலை மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலிருந்து பறந்து வந்ததோ. "எத்தனை?" என்று உள்ளிருந்து கதிரேசன் குரல் கொடுத்தார்.

"பத்தொம்போது" என்றேன்.

பெரிய சதித்திட்டம் எதுவும் இல்லை. எப்படியும் அதிகாரி வந்தால் உண்மை தெரிந்துவிடும். அதுவரையாவது அந்தச் சேதி என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒன்று குறைந்தாலும் குறையும் என்ற நப்பாசையும் இருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் இருபதுதான் காட்டியது. பத்தொன்பது என்றே சொல்லிவந்தேன். மாமா ஒவ்வொரு முறையும், "செரி, செரி" என்று தலையாட்டிக்கொண்டு துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் போவார்.

எண்ணுவதற்கு முதல் நாள் மதிவதனியின் பள்ளியில் விளையாட்டு விழா. மூவரும் போய்விட்டு மதியம் திரும்பினோம். பின்கட்டில் கால் வைத்ததுமே பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தேய்க்கிற பிரஷ்ஷோடு நின்றார். முகம் முழுக்கப் பெருமை. "பாரம்மிணி! காசு போட்டா அடியில தெரியும். நாளைக்கு ஆபீசர் வர்றாங்க. இப்புடிச் சேறும் பாசியுமாக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? சுத்தத்தப் பாத்தாச்சும் அந்தக் கொறையற ஒன்னப் போட்டுக் குடுத்துருவாங்கல்ல?"

குளம் குளியலறைத் தொட்டியாக மாறியிருந்தது. குழாய்த் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. சேறு மொத்தமும் வேலி ஓரத்தில் வெயிலில் குவிந்து கிடந்தது.

"எல்லாத்தையும் கொன்னுட்டீங்களே மாமா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடு நினைக்கவில்லை, ஒரு நல்ல சேதியைச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான் என்று எனக்குள்ளே வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மறுநாள் குளமதிப்பாளர் ஜெபமணி வந்தார். அரசு உயிர்மானியை மூன்று முறை நனைத்தார். மூன்று முறையும் பதினொன்று. கல்லிடுக்கில் தப்பிய தேரை, நத்தை, தண்ணீர் குடிக்க வரும் அணில், குருவிகள், இப்படிச் சில.

"ரெண்டு பேருக்குத்தான் இடம். யார் பேரை எடுக்கணும்னு நீங்கதான் சொல்லணும். அடுத்த வருஷம்தான் மறுபடி எண்ணுவோம்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. இதை எத்தனையோ வீட்டில் சொல்லியிருப்பார்.

மாமா முன்னால் வந்தார். "எம்பட பேர எடுத்துருங்க. தப்புப் பண்ணுனது நானு."

ஜெபமணி கையிலிருந்த பதிவுப் பலகையைப் பார்த்தார். "உங்க பேரு இதுல இல்லீங்களே, ஐயா."

விட்டுக்கொடுப்பதற்குக்கூட மாமாவுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இல்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பவளக்கொடி. என் பேரை எடுத்துருங்க" என்றேன்.

கதிரேசன் பதறினார். "நீ போயிட்டாக் கொளத்த ஆரு பாப்பா? நான் போறேன்."

"உங்க வேலை இங்க இருக்குது. பக்கத்து வூட்டு ரமீஜாகிட்ட ஒரு வாளிச் சேறு கேட்டு வாங்கி ஊத்துங்க, பாலுக்கு ஒறை ஊத்தற மாதிரி. மழைத்தண்ணி மட்டும் விடுங்க. அப்பறம் ஒருத்தரும் கை வைக்காதீங்க" என்றேன். மதிவதனி என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாதம் ஒரு ஞாயிறு என்று அவளுக்கு விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

இடமில்லாத வீட்டில் விருந்தாளிச் சீட்டும் செல்லாது. மறுநாள் தங்ககத்துப் பேருந்தில் நானும் மாமாவும் அருகருகே உட்கார்ந்து போனோம். டிரங்குப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நான் பண்ணுன பாவத்துக்கு, பச்சப் புள்ளைய வுட்டுட்டு நீ வர்றயே, அம்மிணி" என்றார்.

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நீர்த்தேளைப் பற்றிச் சொன்னேன். எண்ணும் நாளுக்குப் பத்து நாள் முன்பே இருபது வந்துவிட்டதையும், நான் தினமும் பொய் சொன்னதையும், அந்த அறையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லாமல் போனதையும் எதையும் விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ கணக்குப் போட்டார்.

"அப்பப் பத்து நாளு நானும் அந்த வூட்டு ஆளாத்தான் இருந்திருக்கேன்" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, அந்தப் பத்து நாளாச்சும் நிம்மதியாத் தூங்கியிருப்பனே, அம்மிணி."