குந்தி உட்கார்ந்த வண்டி

கலினாவுக்கு அந்த மேல்படுக்கையை விட்டு இறங்கவே மனம் வரவில்லை.

தலைமாட்டில் ஒரு குட்டி ஜன்னல். பக்கத்தில் தனி விளக்கு. அதற்குக் கீழே புத்தகம் வைக்க ஒரு தட்டு. இழுத்து மூடிக்கொள்ளத் திரைகூட இருந்தது. பத்து வயதில் முதன்முறையாக, தம்பி தாராஸின் கால் முகத்தில் வந்து படாத ஓர் இடம் கிடைத்திருக்கிறது!

"அக்கா, நானும் மேல படுக்கணும்!" என்று கீழ்ப்படுக்கையிலிருந்து தாராஸ் கத்தினான்.

"உனக்கு அஞ்சு வயசுதான் ஆகுது. நீ உருண்டு விழுந்தா ட்ரெய்லருக்கு அடிபடும்."

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த வென்டலின் திடலில் எத்தனையோ ட்ரெய்லர்கள் விற்பனைக்கு நின்றன. நடுவில் ராஜா போல நின்றது இதுதான். உள்ளே அடுப்பு இருந்தது, குளிர்பெட்டி இருந்தது, குளியலறைகூட இருந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்தினால், அதுதான் வீடு.

போன வருடம் அவர்களிடம் வீடு இல்லை, கூடாரம்தான் இருந்தது. ராத்திரி அடித்த மழையில் அது மடிந்து விழுந்தது. விடிந்து பார்த்தால் அம்மாவின் தலையணை ஏரியை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"இனிமே தரையில படுக்க மாட்டேன்," என்று அம்மா தார்சியா அன்றே சொல்லிவிட்டாள். "காலுக்குக் கீழ கட்டில், தலைக்கு மேல கூரை. இல்லைன்னா ஏரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அம்மா ஒன்றைச் சொன்னால் அதற்கப்புறம் பேச்சில்லை.

இந்த வருடமும் ஏரிக்கரையில் இடம் பிடித்தாகிவிட்டது. அப்பாவுக்கு லீவு கிடைத்திருப்பது வருகிற வாரம் மட்டும்தான். அதனால் இன்றைக்கு ஒரு ட்ரெய்லர் அமைந்தால் ஏரி உண்டு. அமையாவிட்டால் இல்லை. கலினாவுக்கு இது நன்றாகத் தெரியும். மேல்படுக்கையில் படுத்தபடியே அவள் ஏரித் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே அப்பா ஓரெஸ்ட், ட்ரெய்லரின் பக்கவாட்டைக் குதிரையைத் தடவுவது போலத் தடவினார்.

"எங்க வண்டி இதை இழுக்குமா, வென்டல்?"

வென்டல் வாசலில் நின்ற சிவப்பு வேனைப் பார்த்தார். பதினோரு வயதான வேன். எலும்பு உறையும் குளிர்காலக் காலைகளில் புது வண்டிகளெல்லாம் முனகும்போது, இது மட்டும் சாவியைத் திருப்பியதும் புறப்பட்டுவிடும்.

"இந்த வேனா? ரெண்டாயிரத்து இருநூறு கிலோ வரைக்கும் இழுக்கும்னு கம்பெனிக்காரனே சொல்றான். இந்த ட்ரெய்லர் ரெண்டாயிரம்தான். கண்ணை மூடிட்டு இழுக்கும்!"

"கண்ணைத் திறந்துட்டே ஓட்டினா போதும்," என்றாள் அம்மா.

வென்டல் ட்ரெய்லரின் முன்கம்பத்தை வேனின் பின்னாலிருந்த கொக்கியில் மாட்டிக் கொடுத்தார். அப்பா தனியாக ஏறி, வயல்வெளிச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். திரும்பி வரும்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கலினா அம்மாவின் ஃபோனில் அதை ஒரு படம் எடுத்தாள்.

"பின்னால ஒண்ணு வருதுன்னே தெரியல!" என்றார் அப்பா. "பெத்ரோ பெரியப்பாவுக்கு ஒரு படம் அனுப்புவோம், வயிறு எரியட்டும். எல்லாரும் ஏறுங்க! கலினா, நீதான் எடுக்கணும்."

அம்மா முன்னால் ஏறினாள். தாராஸ் நடுவில் ஏறினான். கடைசியாக அவர்களுடைய நாய் பிரோகி, பின்கதவு வழியாக மூச்சிரைக்க ஏறியது. பிரோகி என்றால் உருளைக்கிழங்கு பூரணம் வைத்த கொழுக்கட்டை. நாயும் அந்த வடிவத்தில்தான் இருந்தது. கலினாவை விட அதற்குத்தான் எடை அதிகம்.

"சிரிங்க!"

படம் எடுத்துவிட்டுக் கலினா பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்பா தனியாக ஓட்டி வந்த படத்தைப் புரட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

புதுப் படத்தில் வேனின் பின்பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது. மூக்கு மேலே தூக்கியிருந்தது. முன்விளக்குகள் சாலையைப் பார்க்காமல், எதிரே இருந்த தானியக் கிடங்கின் உச்சியைப் பார்த்தன. பிரோகி பிஸ்கட் கேட்டுக் குந்தி உட்காருமே, அச்சு அசல் அப்படி!

கலினாவுக்குத் தன் சைக்கிள் நினைவு வந்தது. பின்னால் கேரியரில் தாராஸ் ஏறி உட்கார்ந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு தடவை இரண்டு பேருமாகப் போய் முள்செடியில் விழுந்தார்கள்.

ஏரிக்குப் போகிற வழியில் சரளைக்கல் சாலை உண்டு. வளைவுகள் உண்டு. எதிரே மரம் ஏற்றிய லாரிகள் வரும்.

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மேல்படுக்கை அவளுடையது. குட்டி ஜன்னல் அவளுடையது. விளக்கும் திரையும்கூட.

கலினா ஃபோனைப் பையில் போட்டாள். இரண்டு அடி நடந்தாள். பிறகு வெளியே எடுத்தாள்.

அப்பா பக்கத்து ஜன்னலுக்குப் போய் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

"நல்லாத்தானே எடுத்திருக்கே! அம்மாகூடச் சிரிச்சிருக்கா."

"உங்களை இல்லப்பா, வண்டியைப் பாருங்க. குந்தி உக்காந்திருக்கு."

"பாரம் ஏறினா கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும்."

"தாராஸை ஏத்தினா என் சைக்கிள் முன்னால ஆடுமே, அந்த மாதிரி ஆயிட்டா?"

அப்பா இரண்டு படங்களையும் விரலால் தள்ளிப் பார்த்தார். அதற்குள் வென்டல் வந்துவிட்டார்.

"ஏதாவது பிரச்சனையா?"

"சேச்சே, ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. அவருடைய காதுகள் சிவந்துவிட்டன.

ஆசைப்பட்டது கிடைக்காதோ என்று தோன்றும்போது அப்பாவின் காது இப்படித்தான் சிவக்கும். இப்போது எல்லார் முன்னாலும் 'இது வேண்டாம்' என்று சொன்னால், அவர் பிடிவாதமாக 'வேணும்' என்றுதான் சொல்வார். கலினா எதிரே பார்த்தாள். தானியக் கிடங்கின் வாசலில், லாரிகளை எடை போடும் பெரிய எடைமேடை காலியாகக் கிடந்தது.

"அங்கிள், எங்க வண்டி என்ன எடை வரும்னு ஒரு பந்தயம் வைக்கலாமா?"

வென்டலின் கண்கள் பளிச்சிட்டன. அந்த ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் மறுப்பவர் கிடையாது. அறுவடைக் காலத்தில் கோதுமை லாரி ஒவ்வொன்றும் மேடை ஏறும்போது, சுற்றி நிற்கிறவர்கள் எடையை ஊகித்துச் சொல்வார்கள். ரொம்பத் தப்பாகச் சொன்னவர் எல்லாருக்கும் பழப் பணியாரம் வாங்கித் தர வேண்டும். பெத்ரோ பெரியப்பாவின் லாரியில் உட்கார்ந்து கலினா எத்தனையோ தடவை இந்த வேடிக்கையைப் பார்த்திருக்கிறாள்.

வேன் ட்ரெய்லரோடு சாலையைக் கடந்து போனதும், எடைமேடையைக் கவனித்துக்கொள்ளும் ஐரிஸ், கையில் காபியோடு ஜன்னலைத் திறந்தார்.

"அறுவடைக்கு இன்னும் நாளிருக்கே! என்ன ஓரெஸ்ட், கோதுமைக்குப் பதிலா குடும்பத்தையே ஏத்திட்டு வந்துட்டீங்க?"

"வேன் மட்டும் மேடை மேல நிக்கட்டும் ஆன்ட்டி," என்றாள் கலினா. "ட்ரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியில இருக்கட்டும். கொக்கியைக் கழட்ட வேணாம். ஏரிக்கு எப்படிப் போவோமோ அப்படியே நிக்கணும்."

சொல்லிவிட்டு அவளும் வேனில் ஏறிக்கொண்டாள்.

அப்பா இரண்டாயிரத்து நானூறு என்றார். வென்டல் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். அம்மா ஒரு தடவை பின்னால் திரும்பிப் பிரோகியைப் பார்த்துவிட்டு, "ரெண்டாயிரத்து எழுநூறு," என்றாள்.

"ரெண்டாயிரத்து அறுநூத்தி எண்பது!" என்று ஐரிஸ் உரக்கப் படித்தார். "தார்சியா ஜெயிச்சாச்சு! பணியாரம் ஓரெஸ்ட் செலவு!"

எல்லாரும் கைதட்டினார்கள். கலினா மட்டும் முன்னால் எட்டி, "அப்பா, உங்க கதவுகிட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க," என்றாள். "பெரியப்பா லாரிலயும் இருக்கு. வண்டி மொத்தமா எவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருக்கும். அதுக்கு மேல போனா பெரியப்பா கோதுமையை இறக்கிடுவாரு."

அப்பா கதவைத் திறந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"ரெண்டாயிரத்து அறுநூத்தி முப்பது," என்றார்.

"அம்பது கிலோதானே கூட..." என்று வென்டல் இழுத்தார்.

"சாப்பாட்டுப் பெட்டி ஏத்தலை," என்றாள் அம்மா. "சைக்கிள் ஏத்தலை. இவனோட பொம்மை மூட்டை ஏத்தலை."

"அப்ப நாயை இறக்கிடுங்க," என்றார் ஐரிஸ்.

"பிரோகி வரலைன்னா நானும் வரமாட்டேன்!" தாராஸின் குரல் உடைந்தது.

"அட, அழாதடா ராஜா! அப்ப உங்கப்பாவை இறக்கிடலாம். அவருதான் இதுல பெரிய மூட்டை."

தாராஸ் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். அவர் காதுகளின் சிவப்பு கொஞ்சம் குறைந்தது.

வென்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இழுக்குமான்னுதான் பார்த்தேன். கொக்கி மேல அது எவ்வளவு அழுத்தும், உள்ள யாரு யாரு உக்காருவாங்கன்னு பார்க்கவே இல்லை. தப்பு என்மேலதான் ஓரெஸ்ட்."

அப்பா தலையசைத்தார். ஆனால் அந்தப் பெரிய ட்ரெய்லரைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அப்ப ஏரிக்குப் போகப் போறதில்லையா?" என்று தாராஸ் கேட்டான்.

கலினா ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அப்பா, நாம ட்ரெய்லரைப் பிடிச்சுட்டு, அதுக்கு நம்ம வண்டி சரிப்படுமான்னு பார்த்தோம். வண்டியை முதல்ல பார்த்துட்டு, அதுக்குச் சரியா வர்ற ட்ரெய்லரைத் தேடினா என்ன?"

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "வென்டல், கொக்கியைக் கழட்டு," என்றார்.

பெரிய ட்ரெய்லரைத் திடலில் பழைய இடத்தில் விட்டுவிட்டு, குடும்பத்தோடு வேன் மட்டும் மறுபடி மேடை ஏறியது. இன்னும் இருநூற்று எண்பது கிலோ தாங்கும் என்று தெரிந்தது. சைக்கிளுக்கும் சாப்பாட்டுக்கும் மற்ற சாமான்களுக்கும் நூற்றிருபது என்று அம்மா ஒதுக்கினாள்.

"மீதி நூத்தி அறுபது," என்றாள் கலினா. "கொக்கி மேல அதுக்கு மேல அழுத்தாத ட்ரெய்லர் ஏதாவது இருக்கா அங்கிள்?"

வென்டல் கொஞ்சம் தயங்கினார். "கொட்டகைக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

கலினாவின் கழுத்து உயரம்கூட இல்லாத ஒரு தட்டையான பெட்டி அங்கே தூசி படிந்து நின்றது.

"இது என்ன, ஐஸ்கிரீம் பெட்டியா?" என்றார் அப்பா.

"கொஞ்சம் பொறுங்க." வென்டல் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். கடகடவென்று கூரை எழும்பியது. அதோடு துணிச்சுவர்களும் மடிப்பு விரிந்து நிமிர்ந்தன. முன்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தார். அகலமான கட்டில் ஒன்று வெளியே நீண்டது. பின்பக்கம் இழுத்தார். இன்னொரு கட்டில்! உள்ளே போய் மேசையை இறக்கி, மெத்தையைத் தட்டிப் போட்டார். மூன்றாவது படுக்கை தயார். கவிழ்ந்து கிடந்த அடுப்பைத் திருப்பி நிமிர்த்தினார். அதன் அடியில் ஒரு தொட்டி, பக்கத்தில் குழாய்.

தாராஸ் வாயை மூட மறந்துவிட்டான்.

"யாருப்பா இதை யோசிச்சது!" அப்பா கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்து, கட்டிலின் அடிச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "ஒரு ஆணிகூட வீணா அடிக்கலை. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வேலை வச்சிருக்கான். கலினா, இந்தக் கீலைப் பாரேன்! எவ்வளவு அழகா மடியுது!"

அம்மா மட்டும் துணிச்சுவரை விரலால் சுண்டினாள்.

"வென்டல், தண்ணிக் குழாய் இருக்கா?"

நீளமான ரப்பர் குழாய் வந்தது. தாராஸையும் பிரோகியையும் உள்ளே அனுப்பி, ஜிப்பை மூடிவிட்டு, அம்மா தண்ணீரைப் பீய்ச்சினாள். கூரை மேல் அடித்தாள். துணி மேல் அடித்தாள். தையல் இருந்த இடமெல்லாம் தேடித் தேடி அடித்தாள். போன வருட மழையின் மேல் இருந்த கோபம் முழுவதும் அந்தக் குழாய் வழியாக வந்தது.

"நனையுதா?" என்று கத்தினாள்.

"இல்லம்மா! பிரோகி மட்டும் என்னை நக்குது!"

அம்மா உள்ளே போனாள். மெத்தையைத் தடவினாள். தையல்களைத் தடவினாள். கட்டிலில் உட்கார்ந்து கால்களை ஆட்டிப் பார்த்தாள். கால் தரையில் படவில்லை.

"சரி," என்றாள்.

அம்மா 'சரி' என்றால் அது சரிதான்.

புறப்படும் முன் இந்தக் குட்டி ட்ரெய்லரை மாட்டி, எல்லாரையும் ஏற்றி இன்னொரு முறை வேனின் எடை பார்த்தார்கள். சாமான்களுக்கு ஒதுக்கிய நூற்றிருபது போக, இன்னும் நாற்பது கிலோ மிச்சம் இருந்தது.

"கலினா," என்று அப்பா தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். "அந்த மேல்படுக்கை உனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துதில்ல?"

"பிடிச்சுதுப்பா," என்றாள் கலினா. "ஆனா ஏரி அதை விடப் பிடிக்கும். நீங்க தாராஸை மட்டும் சாக்ஸ் போட்டுட்டுத் தூங்கச் சொல்லுங்க."

அப்பா அவள் தலைமுடியைக் கலைத்துவிட்டார்.

சிவப்பு வேன் குட்டி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, எதிரே ஒரு பிக்கப் லாரி உள்ளே நுழைந்தது. அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், இரண்டு நாய்கள். ஓட்டி வந்தவர் இறங்கியதும் நடுவில் நின்ற பெரிய ட்ரெய்லரைக் காட்டி, "இதை என் வண்டி இழுக்குமா?" என்று கேட்டார்.

கலினா ஜன்னல் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

வென்டல் ட்ரெய்லரைத் திரும்பியே பார்க்கவில்லை. "யாரும் கீழ இறங்காதீங்க!" என்று எல்லாரையும் கையமர்த்தினார். "நாய்ங்களும்தான்! முதல்ல எதிர்த்தாப்புல போயி ஐரிஸுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு வருவோம்."