ஆளில்லாத மெத்தைக்குப் போன தேநீர்

மருமகள் மறுபடியும் யாரும் உட்காராத மெத்தையின் முன்னால் போய் நின்றது.

மருமகள் என்பது எல்தியார் அந்த ரோபோவுக்கு வைத்த பெயர். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பது வீட்டு மருமகளின் வேலை. முழங்கால் உயரத்தில், தலையில் தட்டோடு, இதுவும் அதையேதான் செய்தது. யாரும் ஓட்ட வேண்டாம், தானே ஆளைத் தேடிப் போகும். கிண்ணத்தை எடுத்ததும் தட்டின் பாரம் குறைந்து பச்சை விளக்கு எரியும், திரும்பி வரும். நாளைக்கு தலைநகர் பிஷ்கெக்கில் மாணவர் போட்டி. ஆளில்லாத இடத்தில் நின்றாலும் தோல்வி, இருக்கிற ஆளை விட்டுவிட்டாலும் தோல்வி. தோற்றால், எல்தியாரோடு சேர்ந்து அதைச் செய்த பெர்மெத்துக்குக் கல்லூரியில் இடம் நிலைக்காது. அக்காவைப் போல மாஸ்கோவுக்குப் போய்த் தெருவில் பனி வாரித் தள்ள வேண்டியதுதான்.

"நம்ம மருமகளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு," என்றான் எல்தியார், சுவரோரம் காலை நீட்டியபடி. வீடு அவனுடையது. பெற்றோர் ஓஷ் நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

"கண்ணு வச்சவனே நீதானே," என்றாள் பெர்மெத்.

"அதான். எனக்கே தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியுது."

சன்னலுக்கு வெளியே ஊரெங்கும் எரியும் நிலக்கரியின் புகை இறங்கி, மாலை வெளிச்சத்தைச் சாம்பலாக்கி, கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே கசிந்து, வெந்நீர் கொதிக்கும் சமோவாரின் ஆவியோடும் பழைய கம்பளத்தின் ஆட்டுமயிர் வாடையோடும் கலந்து நெஞ்சை அடைத்தது. கதவுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி, பெரிய விருந்தாளிகளுக்கென்றே விட்டுவைத்திருக்கும் அந்த நீல மெத்தையை பெர்மெத் எழுந்துபோய்த் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நடுவில் மட்டும் ஒரு பள்ளம். கையால் தட்டிச் சரிசெய்தாள். அவள் திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் பள்ளம்.

கிண்ணம் தட்டில்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

எல்தியார் சிரித்தான், கொஞ்சம் குறைவாக. "அரைக் கிண்ணமா ஊத்திக் குடுத்தா அவரு எப்பிடிக் கெளம்புவாரு? தள்ளு, நான் ஊத்துறேன்."

அரைக் கிண்ணம் என்றால் இருங்கள், இன்னும் தருகிறேன் என்று அர்த்தம். வழிய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். பிடிக்காதவனுக்குக்கூட யாரும் அப்படி ஊற்றத் துணிய மாட்டார்கள்.

"வேணாம்டா. மரியாதையில்ல."

"இல்லாத ஆளுக்கு என்னம்மா மரியாதை? நாளைக்குத் தோக்கணுமா?"

அவள் தள்ளி உட்கார்ந்தாள். அவன் விளிம்பு வரை ஊற்றினான். தலை குனிந்து, "போயிட்டு வாங்க பெரியவரே!" என்றான். சுவரோரம் போய்ப் பழையபடி காலை நீட்டிக்கொண்டான்.

மருமகள் போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை. நின்றது. வெகுநேரம் நின்றது. பச்சை.

சமோவாரின் சத்தம் அடங்கியது. மெத்தையின் பள்ளம், பொங்கும் மாவைப் போல, மெல்ல மேலே வந்தது. ஈரமண் வாடை ஒன்று அவள் முகத்தருகே கடந்து போனது.

அவள் அரைக் கிண்ணம் ஊற்றித் தட்டில் வைத்தாள். மருமகள் மெத்தைப் பக்கம் திரும்பவே இல்லை.

"சரியாயிருச்சு எல்தியார்!"

அது கதவை நோக்கிப் போனது. வாசற்படியில் நின்றது. பச்சை. திரும்பி வந்தது. இன்னொரு கிண்ணம் வைத்தாள். மறுபடியும் வாசற்படி. முன்பு நின்ற இடத்துக்குப் பக்கத்தில். பச்சை.

"டேய், வாசல்ல ரெண்டு பேரு நிக்கிறாங்கன்னு சொல்லுது."

பதிலில்லை.

"எல்தியார். விளையாடாத."

மருமகள் சுவரோரமாகத் திரும்பி வந்தது. ஆளைக் கண்டால் ஒரு முழம் தள்ளியே நிற்கும். நிற்கவில்லை. எல்தியாரின் பாதத்தில் போய் முட்டியது. பின்வாங்கியது. முட்டியது.

அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கண் திறந்திருந்தது. உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே. மருமகள் சுருட்டிப்போட்ட போர்வையை ஒதுக்குவது போல அவன் பாதத்தை மெதுவாக, மெதுவாக ஒதுக்கிக்கொண்டிருந்தது.