கலக்க எண்

நெஞ்சுமானியின் முகப்பில் பதினொன்று என்ற எண் வந்து நின்றது. பொற்கொடி குனிந்து மறுபடி பார்த்தாள்.

எதிரே புல்வெளியில் அந்த மலையின் பழங்குடிகளான அடுக்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளோடு போன ஒருவனைத் தவிர, மலையிலிருந்த பெரியவர்கள் மொத்தமே அவ்வளவுதான். ஒரு பேருந்தில் ஏற்றினால் இடம் மிச்சமிருக்கும். ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு நெஞ்சுப்பட்டை கட்டியிருந்தது. அவர்கள் கண்முன்னே, அந்தரத்தில், ஒளியாலான முன்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அணை எழுகிறது. நீர் ஏறுகிறது. குடிசைகள், தேன்பாறை, முன்னோர் புதைந்து கிடக்கும் சரிவு எல்லாம் ஒவ்வொன்றாக முழுகுகின்றன. கடைசியில் வெறும் தண்ணீர். அதைப் பார்த்தவர்களின் நாடி, மூச்சு, வியர்வை, இரத்தத்தில் ஊறும் பயச்சுரப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்த கலக்க எண்தான் அந்தப் பதினொன்று. பக்கத்து வீட்டுக்காரன் சீட்டாடுவதை வேடிக்கை பார்க்கிறவனுக்குக்கூட இதைவிடக் கூடுதலாக வரும்.

நாற்பதைத் தாண்டினால் மறுப்பு, தாண்டாவிட்டால் ஒப்புதல். உலகம் முழுக்க அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவளே வழக்கறிஞர் பொற்கொடிதான் என்பதுதான் கொடுமை.

சும்மா ஒன்றும் எழுதிவிடவில்லை. பழங்குடிகளின் ஒப்புதல் அதுவரை எப்படி வாங்கப்பட்டது என்பது ஊரறிந்த கதை. செத்தவன் கைநாட்டு இருக்கும். சாராயத்தை ஊற்றிக் கொடுத்து வாங்கிய கையெழுத்து இருக்கும். வாசலில் துப்பாக்கிக்காரனை நிறுத்திவிட்டு, உள்ளே ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் இருக்கும். இதையெல்லாம் நீதிமன்றம் நீதிமன்றமாகப் பார்த்து மனம் வெந்தவள் பொற்கொடி. நைரோபி மாநாட்டில் தொண்டை கட்டும்வரை பேசினாள். வாயை விலைக்கு வாங்கலாம், விரலைப் பிடித்து அழுத்தலாம், நெஞ்சைக் கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். அமேசான் கரையில் ஒரு சுரங்கம் நின்றது. வடதுருவத்தில் கலைமான் மேய்ப்பவர்களின் பனிவெளி தப்பியது. போர்னியோவில் ஒரு காடே பிழைத்தது. பேசத் தெரியாதவர்களின் நெஞ்சு அவர்களுக்காகப் பேசியது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்திருந்தாள். அளவை நடக்கும்போது அளவர் செவியடைப்பான் அணிந்திருக்க வேண்டும் என்பதுகூட அவள் போட்ட விதிதான். பேச்சைக் காதில் வாங்கினால்தானே அதைத் திரித்து எழுத முடியும்?

அளவர் சகாயம் செவியடைப்பானைக் கழற்றினார். நாகர்கோவில்காரர். நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை.

"பதினொண்ணு, மேடம். இவ்வளவு தெளிவான ஒப்புதலை என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்ல."

"அவங்க ஒப்புக்கல, சகாயம். நீங்க காதை மூடிட்டு இருந்தப்ப ஒவ்வொருத்தரா எழுந்து வேணாம்னாங்க. நான் கேட்டேன்."

"நான் கேக்கக் கூடாதுல்லா? பேச்சைக் கணக்குல எடுத்தா அளவையே செல்லாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க." அவர் குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "மறு அளவை கேக்கலாம். ஒரே ஒரு தடவை. பொழுது சாயுறதுக்குள்ள."

மறு அளவை வேண்டுமென்று அங்கேயே சொல்லிவிட்டு, பொற்கொடி மருதியைத் தேடி ஓடினாள். மருதிதான் அடுக்கத்தாருக்காக வெளியாட்களிடம் பேசுகிறவள். முப்பது வயதிருக்கும். நீரோடைக் கரையில் ஈரப் பாதங்களோடு உட்கார்ந்து காட்டுக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"மருதி, அந்தத் தண்ணியப் பாத்தியே, உன் வீடு முழுகுனத. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணாம இருக்குமாக்கா? காலையில நெஞ்சு வெடிச்சிரும் போலத்தான் இருந்துச்சு. அதான் விடியறதுக்கு முன்னயே எல்லாரும் ஓடையில கால வச்சு உக்காந்து ஆத்திக்கிட்டோம்."

"எதை ஆத்திக்கிட்டீங்க?"

"நெஞ்சத்தான். பெரிய பேச்சுப் பேசறதுக்கு முன்ன ஆத்தணும்லக்கா. கோவத்துல சொன்னது, பயந்துக்கிட்டுச் சொன்னது, அழுதுக்கிட்டுச் சொன்னது எதையும் மல எடுத்துக்காது. நடுங்கிக்கிட்டுச் சொன்னா அது சொல்லே இல்ல." கிழங்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "இது சாவு வாழ்வுப் பேச்சு. அதனால எப்பவும் ஆத்தறதவிட ரொம்பவே ஆத்திக்கிட்டோம். நெஞ்சு குளுந்துபோய்த்தான் வேணாம்னு சொன்னோம். இதவிடத் தெளிவா எங்களுக்குச் சொல்லத் தெரியாது."

பொற்கொடி அப்படியே ஈரமணலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை தடவை இந்த மலைக்கு வந்திருப்பாள்! பத்திரம் கொண்டுவந்திருக்கிறாள், வரைபடம் கொண்டுவந்திருக்கிறாள். இவர்கள் ஒரு முடிவெடுக்கும் நாளில் மட்டும் வந்ததில்லை. இன்று காலை இவர்கள் ஓடையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, குளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தாள்.

அச்சத்தில் சொன்ன சொல் செல்லாது என்பதுதான் அவள் சட்டமும். அதற்காகவே அவள் அச்சத்தை அளக்க ஒரு கருவி வைத்தாள். இவர்கள் அச்சத்தைக் கழுவிவிட்டுப் பேசினார்கள். கருவிக்கு அது சம்மதமாகத் தெரிந்தது.

"மருதி, எனக்காக ஒண்ணு செய்யணும். சாயங்காலம் மறுபடி காட்டுவாங்க. அப்ப ஆத்தாம வாங்க. பயந்துக்கிட்டே வாங்க. அழுங்க. அது போதும்."

மருதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அப்படிச் சொன்னா நாங்க வேணாம்னு சொன்னதே இல்லாமப் போயிரும்க்கா. உங்க பொட்டிக்கு நல்லா இருக்கும். மலைக்கு நாங்க என்ன பதில் சொல்றது? எங்க வாயாலயே எங்க சொல்லக் கொன்னுட்டோம்னு ஆயிராதா?"

"மல முழுகிப்போயிடும்டி."

"தெரியும்க்கா. அதுனாலதான் ஒழுங்காச் சொல்லணும்."

அதற்குமேல் பொற்கொடி என்ன சொல்லியும் எடுபடவில்லை. கையைப் பிடித்துக் கெஞ்சினாள், திட்டினாள். மருதி அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள்.

கரையில் நின்றபோது பொற்கொடிக்கு வேறொரு நினைவு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலைவன மக்களின் கலக்க எண் ஒன்பது என்று செய்தி வந்தது. தாமாக விரும்பித் தங்கள் நீரூற்றைக் கொடுத்த முதல் மக்கள் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். அவளும் வாழ்த்து அனுப்பினாள். அந்த மக்கள் அன்று காலை என்ன செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்களோ? யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் இடமே வைக்கவில்லையே. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறு அளவை தொடங்கியது. சகாயம் செவியடைப்பானை மாட்டிக்கொண்டார். அணை கட்ட வந்த தேக்கக் கழகத்தின் ஆட்கள் சட்டப்படி மலையடிவாரத்திலேயே நின்றுகொண்டார்கள். நீர் ஏறியது, சரிவு முழுகியது. அடுக்கத்தார் முதுகு நிமிர்த்தி அதைப் பார்த்தார்கள். சிலர் கன்னத்தில் ஈரம் இருந்தது. நாடி மட்டும் அசையவில்லை. முகப்பில் எட்டு என்று வந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் முன்காட்சி முடிந்துவிடும். அதோடு இந்த மலையின் கதையும் முடியும். பொற்கொடி யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

பிள்ளைகளெல்லாம் மருதியின் கணவனோடு மேலோடைக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். அதற்கும் மேலே கழகம் கட்டிய சோதனை அணை தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. பொற்கொடி கூட்டத்தின் நடுவே ஓடிப்போய் நின்றாள்.

"மேலணை மதகு உடைஞ்சிருச்சு! பிள்ளைங்க ஓடையில இருக்காங்க! மருதி, உன் மக அங்கதான இருக்கா!"

ஒரு கணம் யாரும் அசையவில்லை. வக்கீலக்கா பொய் சொல்வாள் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. பிறகு மருதியின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தைப் பொற்கொடி அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாரும் எழுந்து, விழுந்து, மேலே ஓடினார்கள். முகப்பில் எண் ஏறியது. நாற்பதைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது, தொண்ணூற்று நான்கில் போய் நின்றது.

"மறுப்பு," என்றாள் பொற்கொடி. சிரித்தாளா அழுதாளா அவளுக்கே தெரியவில்லை. "பாருங்க சகாயம், மறுப்பு. தெளிவான மறுப்பு."

சகாயத்துக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. அவர் முகப்பின் கீழ்ப்பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஊற்றுக்காட்டி இருந்தது. அச்சம் எதிலிருந்து வருகிறது என்று காட்டும் பகுதி அது. கூட்டத்தில் அடியாட்களை நிறுத்தி மக்களை மிரட்டினால் பிடிபட வேண்டுமென்று, சட்டக் குழுவின் மற்ற உறுப்பினர்கள் வேண்டாமென்று சொல்லியும் பொற்கொடி அடம்பிடித்துச் சேர்க்க வைத்தது. எல்லார் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பியபோது நாடி எகிறியது என்று அது கணக்குப் போட்டு முடித்திருந்தது. முன்காட்சியை அது காட்டவில்லை. பொற்கொடி நின்ற இடத்தைச் சிவப்பில் காட்டியது.

சகாயம் மெல்லச் செவியடைப்பானைக் கழற்றினார்.

"என்ன மேடம் சொன்னீங்க அவங்ககிட்ட?"

அவள் மேலோடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அச்சுறுத்தியவர் யாராயிருந்தாலும் உடனே அகற்றணும். அதுக்கப்புறம் அந்த மக்கள் அமைதியானதும் எடுக்கற அளவைதான் கடைசி." அவர் அதை மனப்பாடமாகச் சொன்னார். அவள் எழுதிய வாசகம்தான், ஒரு எழுத்து மாறவில்லை. "எனக்கு வேற வழியில்ல, மேடம்."

சகாயம் வரவழைத்த மலைவண்டியில் அவளை ஏற்றினார்கள். அந்த வண்டியும் அவள் சட்டப்படி செய்ததுதான். மிரட்டியவன் போகும்போதும் ஒரு வார்த்தை மிரட்டிவிட்டுப் போகக் கூடாதென்று, அதன் கண்ணாடி உள்ளிருக்கும் குரலை வெளியே விடாது. பாதிக்கப்பட்டவர்களின் குரல் மட்டும் உள்ளே கேட்கும்.

வண்டி கிளம்புவதற்குள் அடுக்கத்தார் இறங்கி வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கையில் மீன்களோடு, ஒன்றும் புரியாமல் கூட வந்தார்கள். மருதி மகளை இடுப்பில் வைத்திருந்தாள். நடக்கிற வயதுதான், ஆனாலும் இறக்கிவிடவில்லை. நேராக வண்டியருகே வந்தாள். ஏசுவாள், காறித் துப்புவாள் என்று பொற்கொடி எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றாள் மருதி. அவள் உதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. "எங்க மேல உள்ள பாசத்துல சொல்லிட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாருக்கும் உங்க மேல வருத்தமில்ல. போயிட்டு வாங்க."

பொற்கொடி கண்ணாடியை இரு கைகளாலும் அறைந்தாள். ஆத்தாதீங்க, ஆத்தாதீங்க என்று கத்தினாள். மருதி அவள் வாயசைவதைப் பார்த்தாள். அக்கா மன்னிப்புக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து, பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தாள்.

"கவலப்படாதீங்கக்கா. இன்னொரு தடவ கேப்பாங்களாம், அந்தச் சார் சொன்னாரு. இப்ப எல்லாரும் ரொம்ப நடுங்கிப் போயிருக்காங்க. ராத்திரி முழுக்க ஓடையிலயே உக்காந்துக்கறோம். நாளைக்கு ஒரு சொட்டு பயமில்லாமச் சொல்லிருவோம்."

வண்டி மெல்ல நகர்ந்தது. பின்னால் அவர்கள் ஒவ்வொருவராக ஓடையில் இறங்குவதைப் பொற்கொடி முதல் வளைவு வரை பார்த்துக்கொண்டே போனாள்.