ஏழாம் நம்பர் மலையின் நிழல்

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஏழாம் நம்பர் மலையில் ஒரு மேகத்தின் நிழல் விழுந்திருந்தது. வானத்தில் மேகம் இல்லை.

வீரையா தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் நின்று, கையைப் புருவத்தில் வைத்து மறுபடியும் பார்த்தான். புசல்லாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடமாக வானிலை பார்ப்பது அவன் வேலை. ஒரு நாளைக்கு மூன்று தடவை நூற்று அறுபது படி ஏறி, உச்சியிலிருக்கும் கொட்டகையில் வெப்பமானியையும் மழைமானியையும் பார்க்க வேண்டும். பிறகு அண்ணாந்து, வானத்தை எட்டுப் பங்காக மனதில் வெட்டி, எத்தனை பங்கு மேகம், என்ன வகை மேகம் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். சொல்வதற்குச் சுலபம். முழங்கால் வலிக்காரனுக்கு அந்தப் படிகள்தான் எமன்.

அதனால் இந்தப் பங்குனியில் அவன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தான். பங்குனி வானத்தை நம்பவே முடியாது என்று தோட்டமே புலம்பும்; வீரையா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான். காலையில் கீற்றுமுகில், மத்தியானம் திரள்முகில், சாயந்தரம் இடியும் மழையும். இதைப் பார்க்க மூன்று தடவை ஏறுவானேன்? காலையிலேயே மூன்று வேளைக்கும் எழுதி வைத்துவிடுவான். பத்து நாளாக ஒருவருக்கும் தெரியாது.

இன்றைக்கும் எழுதியிருந்தான். 'இரண்டரை மணி: திரள்முகில், ஒரு பங்கு, ஏழாம் நம்பர் மலைக்கு மேல். ஐந்தரை மணி: மழைமுகில், எட்டுப் பங்கு. கனத்த மழை.'

அவன் மனைவி நல்லம்மா இன்று அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள். காலையில் கூடையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, கம்பளிய எடுத்துக்கவா?"

"வேணாம் புள்ள. நீங்க எறங்குற வரைக்கும் மழ வராது."

"மேல பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"

"பாத்துட்டேன்."

அவள் கம்பளியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கம்பளைப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. சவுக்கு மரங்கள் வளைந்து நிமிர்ந்தன, கொடியில் கிடந்த கம்பளி படபடத்தது, ஆனால் அந்த நிழல் மட்டும் சிந்திய மை போலக் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குள் பதினாறு பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய சிரிப்பும் சண்டையும் எந்நேரமும் வாசல் வரைக்கும் கேட்கும். இப்போது ஒரு சத்தமும் இல்லை.

"நல்லம்மா!"

யாரும் திரும்பவில்லை. மலைக்கு ஓடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் நிழல் கிடந்தது அவன் எழுதிய இடத்தில். அவன் எழுதிய நேரத்தில். அப்படியானால் ஐந்தரைக்கு எழுதிய கனத்த மழை? கொட்டகைப் புத்தகத்தில் அந்த வரியை அடித்தாக வேண்டும். அவளைக் காப்பாற்ற வேறு வழி அவனுக்குத் தோன்றவில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினான். பாதி வழியில் நனைந்த கம்பளியின் வாடை வந்தது, அதோடு சூடான மண்ணில் முதல் மழை விழும்போது கிளம்பும் வாசமும், தகரத்தில் மழை கொட்டும் இரைச்சலும். படிகள் காய்ந்து கிடந்தன. வெயில் முதுகைச் சுட்டது. கொட்டகைக்குப் பக்கத்தில் மழைமானியின் மூடியைத் திறந்தான். விளிம்பு வரை தண்ணீர்.

உள்ளே மணிக்கூடு ஐந்தரை காட்டியது. இவ்வளவு நேரமா ஏறினான்?

புத்தகத்தைப் பிரித்து அந்த வரியை அடித்தான். அடித்த கோடு நனைந்து கரைந்து வழிந்தது. வரி அப்படியே இருந்தது. 'மழை இல்லை' என்று பெரிதாக எழுதினான். அதுவும் வழிந்தது. திரும்பத் திரும்ப எழுதினான். தாள் கிழிந்தது.

வெளியே வந்தான். ஏழாம் நம்பர் மலை முழுவதும் இருட்டியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையும் லயமும் அவன் வாசலும் நிழலுக்குள் போயிருந்தன. நிழல் படியேறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியாக.

நிழலுக்குள் அவர்கள் ஏறி வந்தார்கள். பதினாறு பேர். முதுகில் கூடை. முன்னால் நல்லம்மா.

"புள்ள, வராத! வெயிலுக்கு ஓடு!"

அவர்கள் நின்றார்கள். பதினாறு முகமும் அண்ணாந்திருந்தன. பதினாறு வாயும் திறந்திருந்தன. வாய் நிறையத் தண்ணீர். மோவாயில் வழிந்து, சேலையில் வழிந்து, சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே படி காய்ந்தே கிடந்தது.

நல்லம்மாவின் தொண்டைக்குள் தண்ணீர் களகளத்தது. அதற்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க... மேல பாத்தீங்களா?"

"பாக்கல," என்று அழுதான் வீரையா. "பாக்கல புள்ள. பொய் சொல்லிட்டேன்."

நிழல் அவன் கால் விரலைத் தொட்டது. பனிக்கட்டிச் சில்லிப்பு. அவன் மோவாய் தானாக மேலே எழும்பத் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினான். நிற்கவில்லை. கழுத்து பின்னால் சாய்ந்தது.

நீல வானம். துடைத்துவிட்டது போல. ஒரு மேகம் இல்லை.

வீரையாவின் வாய் திறந்தது.