அம்மாவுக்கு ஒரு சின்ன லேப்டாப்

அம்மாவின் மடிக்கணினி வியாழக்கிழமை சாயங்காலம் ஒரேயடியாகக் கண்ணை மூடியது.

ஏற்கெனவே அது நடமாடும் நோயாளிதான். திரையின் ஒரு பக்கக் கீல் உடைந்து, பின்னால் தலையணை வைத்தால்தான் நிமிர்ந்து நிற்கும். விசிறி ஊளையிடும். கனமோ, கேட்கவே வேண்டாம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போய்வந்தே அம்மாவின் ஒரு தோள் இறங்கிவிட்டது என்று அப்பா சொல்வார்.

பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பாவம், நல்லா உழைச்சிருக்குங்க. இனிமே விட்டுடுங்க" என்றார்.

விட்டுவிட முடியாதபடி அம்மாவுக்கு ஒரு வேலை இருந்தது. அவர் மென்பொருள் எழுதுகிறவர். மருத்துவமனையில் எந்த நோயாளிக்கு எந்த நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும் என்று நர்சுகளுக்கு நினைவூட்டும் மென்பொருள். அதில் எங்கோ ஒரு பிழை. சில நேரம் ஒரே மருந்தை இரண்டு முறை நினைவூட்டியது. திங்கள்கிழமைக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா அலுவலகத்தில் இரவல் கணினியில் மல்லுக்கட்டினார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, கைபேசியில் புது மடிக்கணினிகளைத் தேடினார்.

"இது சின்னதா, அழகா இருக்கு. ஆனா..." என்பார். அடுத்ததைப் பார்ப்பார். "இது வேகம்தான். ஆனா..." என்பார்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அக்காவோ அண்ணனோ கிடையாது. வீட்டிலேயே சின்ன ஆள் என்பதால் அந்தப் பெயர். கடைசியில் அம்மா கைபேசியைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். சின்னவள்தான் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அவருக்கு அன்றும் வேலை இருந்தது.

கடையில் ஒரு விற்பனையாளர் வந்தார். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றபடி, மனப்பாடம் செய்ததுபோலப் பேசினார். இருப்பதிலேயே மெல்லிசான மடிக்கணினி ஒன்றை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

அம்மா அரைக் கண்ணால் பார்த்தார். "சரி, இதையே குடுத்துடுங்க."

சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது பிடித்துப்போன முகம் இல்லை. சின்னவள் ஒரே பாட்டை ஆறாவது முறை பாடிக் காட்டும்போது, "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்கிற முகம்.

"அம்மா, இதுல கொஞ்ச நேரம் வேலை செஞ்சு பாரேன்" என்றாள்.

"இங்க எப்படிடா கண்ணு? நின்னுக்கிட்டேவா?"

சின்னவள் விற்பனையாளரிடம் திரும்பினாள். "அண்ணா, எங்கம்மாவுக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா?" அவர் நகர்ந்தபோது அவருடைய நடையைக் கவனித்தாள். "உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வாங்கண்ணா. கால் வலிக்குதுல்ல?"

அவர் சிரித்தபடி தலையாட்டினார். பிறகு இரண்டு நாற்காலிகளோடு வந்தார். உட்கார்ந்ததும் அவரிடமிருந்து நீளமான ஒரு பெருமூச்சு வந்தது. காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாராம்.

அம்மா மெல்லிசு மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கமாக எழுதுவதுபோல் சில வரிகள் தட்டினார். சின்னவள் திரும்பி நின்று காதைக் கொடுத்தாள். வீட்டில் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தினமும் தூங்குவாள். வேலை நன்றாகப் போனால் அது தடையில்லாமல் ஓடும். இப்போதோ நான்கு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நான்கு தட்டு.

"தடுக்குதும்மா."

"இந்த அம்புக்குறி பட்டனெல்லாம் பொடிசா இருக்கு. விரல் மாறி மாறி விழுது" என்றார் அம்மா. எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கியபோது, திரையில் சில வரிகளே மிஞ்சின.

விற்பனையாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இப்போது மனப்பாடம் எதுவும் இல்லை. "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். இதுல மெமரி கம்மி, பின்னாடி கூட்டவும் முடியாது. உங்க வேலைக்கு ஒரு வருஷத்துல மூச்சு வாங்கும். கடையில இதைத்தான் முதல்ல காட்டச் சொல்லியிருக்காங்க, அதான் காட்டினேன்."

அவரே அடுத்து ஒன்றை எடுத்து வந்தார். அது அசுர வேகமாக ஓடியது. அம்மா நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். சின்னவள் அதையும் அதன் சார்ஜரையும் அம்மாவின் பைக்குள் வைத்து, தன் தோளில் மாட்டிப் பார்த்தாள். சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"லேப்டாப் கனமில்ல. சார்ஜர்தான் செங்கல் மாதிரி இருக்கு" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

கடைசியாக, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து ஒன்று வந்தது. பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. சாம்பல் நிறம், பாடப்புத்தகத் தடிமன். ஆனால் மெமரி தாராளம், தேவைப்பட்டால் கூட்டவும் செய்யலாம். சார்ஜரும் சோப்புக்கட்டி அளவுதான். பையில் வைத்து மாட்டிய சின்னவள் நேராக நின்றாள்.

அம்மா தட்ட ஆரம்பித்தார். சத்தம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வாங்க வந்ததை மறந்து அம்மா எழுதிக்கொண்டே போனார்.

"ஆனா?" என்று கேட்டாள் சின்னவள்.

அம்மா யோசித்துப் பார்த்தார். "ஆனா ஒண்ணுமில்ல" என்றார்.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. தேவையானவற்றையெல்லாம் புதுக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்க்கவே பாதி நேரம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிழை அகப்பட்டது. மருந்து கொடுத்த பிறகு அந்த நினைவூட்டலை அழிக்க மறந்த ஒரே ஒரு வரி. அம்மா அதைத் திருத்தி, நான்கைந்து முறை சோதித்துவிட்டு அனுப்பினார். பிறகு கணினியை மூடிவிட்டுக் கட்டிலில் அப்படியே விழுந்தார். காலையிலிருந்து தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொடுத்துக் களைத்துப்போயிருந்த சின்னவள் பக்கத்தில் சுருண்டுகொண்டாள்.

வேலை முடிந்து வந்த அப்பா, மேசையில் இருந்த சாம்பல் நிறக் கணினியைத் தூக்கிப் பார்த்தார்.

"பரவாயில்லையே, யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார்.

பதில் சொல்ல அந்த வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை. அப்பா சீருடையைக்கூட மாற்றாமல், கட்டிலில் மிச்சமிருந்த ஓரத்தில் மெல்லப் படுத்துக்கொண்டார்.