காற்றில்லாப் பெட்டி

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள்ளிருந்து உரசல் சத்தம் வெளியே வரக்கூடாது. பட்டறை முதலாளிக்கு அது தெரியும். ஆனாலும் வந்தது. காய்ந்த கதவுக் கீலைப் போல ஒரு கிர்ர், சற்று நிறுத்தம், மறுபடி கிர்ர்.

சோதனைக்கூடத்தில் சன்னல் இல்லை. பகல் மூன்று மணிக்கும் வெள்ளை விளக்குதான். பம்புகளின் உறுமலும் சுட்ட எண்ணெயின் வாடையும் நெஞ்சை அடைத்தன. பெட்டியின் தடித்த கண்ணாடிக்குப் பின்னால், உள்ளங்கை அளவு ஆடி ஒன்று பேரிங்கின் மேல் சுழன்றுகொண்டிருந்தது. அவர் பட்டறையில் அதே அச்சில் செய்த இன்னொன்று விண்கலத்தில் ஏறிப் போய், பதினோராம் நாள் சிக்கி நின்றுவிட்டது. மூன்று தலைமுறையாக ஒருவரும் குறை சொல்லாத குடும்பம். விசாரணைக் குழு நாலு மணிக்கு வருகிறது.

காரணம் அவருக்குத் தெரியும். அந்தப் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, கரும்பொடிப் பூச்சுதான். ஈரக் காற்றில் சுழற்றினால் பூச்சு தேய்ந்துவிடும். அனுப்புவதற்கு முந்தின நாள், தம்பியின் புதுச் சம்பந்திகள் முன்னால் உறையைப் பிரித்து, விரலால் சுண்டிச் சுண்டிக் காட்டியவர் அவர்தான். சத்தமே இல்லை பாருங்கள் என்று மீசையை நீவிக்கொண்டார்.

பூச்சுப் போட்ட மருமகள் காலையில் கேட்டாள். "மாமா, யாராவது அதை வெளியில எடுத்துச் சுத்தினாங்களா?"

"நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் இல்லம்மா."

"அப்போ தப்பு என் கையிலதான். அப்படியே எழுதிக் குடுத்துடறேன்."

அவர் மறுக்கவில்லை. மருமகள் வெளியூர்ப் பெண். பழி அவளோடு போகும், குடும்பப் பெயர் நிற்கும் என்று கணக்குப் போட்டார்.

கிர்ர்.

ஆடிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார். ஆடி வேகம் குறைந்தது. நிற்கவில்லை. யாரோ விரலால் தள்ளுவது போல, விட்டு விட்டு, அவர் பக்கம் திரும்பியது.

நின்றது.

ஆடிக்குள் விளக்கு தெரிந்தது. கதவு தெரிந்தது. அவர் தெரியவில்லை.

நெற்றி கண்ணாடியில் படும்வரை குனிந்தார். பம்புச் சத்தம் அறுந்தது. எண்ணெய் வாடை இல்லை. மூச்சை இழுத்தார். எதுவும் வரவில்லை. முதுகில் இரும்பு, பனிக்கட்டியாய். இப்போது அவர் கண்ணாடிக்கு உள்பக்கம், பெட்டிக்குள்.

கூடத்தின் கதவு திறந்தது. தப்பு தன்னுடையது என்று எழுதிய காகிதத்தோடு மருமகள். 'மாமா' என்று அவள் உதடு அசைந்தது. காலி நாற்காலியைப் பார்த்தாள்.

நான்தான் சுத்தினேன் என்று கத்தினார். அவர் காதுக்கே கேட்கவில்லை. கண்ணாடியைக் குத்தினார். தோல் உரிந்தது. சத்தம் இல்லை.

அவள் என்னவோ சந்தேகப்பட்டவள் போலப் பெட்டியில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லை.

பிறகு காகிதத்தைப் பெட்டியின் மேலேயே விரித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.